எழுபத்திரண்டாம் இடம்
அணுவினுள் இலத்திரன்கள் ஒழுங்குபட்ட வரலாறு

அணு என்னுஞ் சொல் நமக்குப் புதியதன்று. கண்ணுக்கெட்டாத நுண்பொருளைக் குறிப்பதற்கு அச்சொல்லை நம் முன்னோர் நெடுங்காலமாக வழங்கி வந்தனர். தத்துவ நூலாரும் புலவரும் அதனை விரும்பி எடுத்தாண்டனர். ஆயினும், சிந்தையால் அணுவை நினைத்தல் வேறு. அதனுள் யாது உளது, எத்தனை உளது, எவ்வாறு அடுக்கப்பட்டுளது என்று அளந்தும் எண்ணியும் காட்டுதல் வேறு. முன்னையது ஞானியரின் பணி. பின்னையது ஆய்வுகூடத்தில் இரவு பகலாக உழைத்தோரின் பணி. இப்பின்னைய பணி 1897ஆம் ஆண்டிற்கும் 1925ஆம் ஆண்டிற்கும் இடைப்பட்ட இருபத்தெட்டு ஆண்டுகளில் பெரும்பாலும் நிறைவேறிற்று. அக்குறுகிய காலத்தின் நடுவே முதலாம் உலக மகாயுத்தமும் வந்து போயிற்று.

இன்று பாடசாலையில் விஞ்ஞானம் கற்கும் பிள்ளை, சோடியத்தின் இலத்திரன் நிலையமைப்பு யாதென்று வினவினால் 2, 8, 1 என்று ஒரே மூச்சில் விடையிறுக்கும். அம்மூன்று எண்களும் எவ்வாறு வந்தன என்று வினவுவோர் சிலரே. அவற்றின் பின்னால் ஒரு தலைமுறையின் உழைப்பு இருக்கின்றது. நாடுகளுக்கிடையே எழுந்த ஒரு வழக்கு இருக்கின்றது. இருபத்தேழு வயதில் யுத்தகளத்தில் மாண்ட ஓர் இளைஞனின் இழப்பும் இருக்கின்றது. அவ்வரலாறு முழுவதையும் ஒரு சிறு கட்டுரையில் அடக்குதல் இயலாது. எனவே மூலகங்களின் வரிசையில் ஓர் இடத்தை மாத்திரம் எடுத்துக்கொள்வோம். அது எழுபத்திரண்டாம் இடம். அவ்விடத்துக்குரிய மூலகம் நம் இலங்கைத் தீவின் கல்லொன்றினுள்ளே நெடுங்காலம் ஒளிந்திருந்தது என்பது இவ்வரலாற்றின் சுவைகளுள் ஒன்று.

இலங்கைக் கல்லில் ஒளிந்திருந்த பொருள்

நமது நாட்டின் இரத்தினக்கற்களுள் சேர்க்கன் என்பதும் ஒன்று. நிறமற்ற சேர்க்கன் கற்களை 'மாத்தறை வைரம்' என்று வணிகர் வழங்கினர். வைரம் போல ஒளிருமாயினும் அது வைரமன்று. இக்கல் ஐரோப்பாவுக்கும் சென்றது. 1789ஆம் ஆண்டிலே பேர்லின் நகரில் வாழ்ந்த கிளாப்பிறொத் என்னும் இரசாயன அறிஞர் இலங்கையிலிருந்து வந்த சேர்க்கன் கல்லைப் பகுத்து ஆராய்ந்தார். அதிலே அதுவரை எவரும் அறியாத ஒரு புதிய மண் இருக்கக் கண்டார். அதிலுள்ள உலோகமே பின்னர் சேர்க்கோனியம் எனப் பெயர் பெற்றது.

கிளாப்பிறொத் திறமைமிக்கவர், யுரேனியத்தை முதன்முதலில் உலகுக்கு அறிவித்தவரும் அவரே. ஆயினும் தம் கையிலிருந்த அம்மண்ணிலே சேர்க்கோனியத்தோடு இன்னொரு மூலகமும் கலந்திருந்ததை அவர் அறிந்திலர். அவருக்குப் பின்வந்தோரும் அறிந்திலர். இரட்டைப் பிள்ளைகளுள் ஒருவரை மற்றவராகக் கொள்ளுதல் போன்றதே இது. குணத்தால் அவ்வளவு ஒத்திருந்தமையால், நூற்றுமுப்பத்து நான்கு ஆண்டுகளாக உலகத்து இரசாயனர் அனைவரும் இரண்டையும் ஒன்றென்றே எண்ணியிருந்தனர். அவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதற்கு அணுவின் உட்புறத்தை அறிய வேண்டியிருந்தது.

அட்டவணையும் அதன் குறையும்

1869ஆம் ஆண்டிலே இரசிய அறிஞர் மெண்டலீவ், அன்று தெரிந்திருந்த அறுபதுக்குச் சற்று மேற்பட்ட மூலகங்களை அணுநிறையின் ஏறுவரிசையில் வைத்தார். ஒத்த குணமுடைய மூலகங்கள் குறித்த இடைவெளிகளில் மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டார். இதுவே ஆவர்த்தன அட்டவணை. மூலகம் கிடையாத இடங்களை அவர் வெறுமையாக விட்டு, அங்கே வரவேண்டியவற்றின் குணங்களையும் முன்கூட்டியே உரைத்தார். 1875இல் கலியமும், 1879இல் இசுக்காண்டியமும், 1886இல் சேர்மானியமும் கண்டுபிடிக்கப்பட்டபோது அவர் வாக்குப் பலித்தது.

எனினும் அட்டவணையில் இரு குறைகள் இருந்தன. முதலாவது, சில இடங்களில் நிறையின் வரிசையும் குணத்தின் வரிசையும் முரண்பட்டன. கோபாற்றின் அணுநிறை 58.93, நிக்கலின் அணுநிறை 58.69. நிறையை நோக்கின் நிக்கலே முந்த வேண்டும். குணத்தை நோக்கினோ கோபாற்று முந்த வேண்டும். தெலூரியத்துக்கும் அயடீனுக்கும் இடையிலும், ஆகனுக்கும் பொற்றாசியத்துக்கும் இடையிலும் இதே சிக்கல் இருந்தது. இரண்டாவது, அருமண் மூலகங்கள் எனப்பட்ட ஒரு கூட்டம் அட்டவணையில் எங்கும் அடங்காது நின்றது. அவை ஒன்றையொன்று மிகவும் ஒத்திருந்தன. அவை பத்தா, பதினைந்தா, இருபதா என்றுகூட எவராலும் துணிந்து சொல்ல முடியவில்லை. ஒன்றெனக் கருதிய பொருள் சில ஆண்டுகளில் இரண்டாகப் பிரியும். அவ்விரண்டுள் ஒன்று பின்னர் மீண்டும் பிரியும். இதற்கு முடிவு எங்கே என்று இரசாயனர் திகைத்தனர்.

அணுவின் கதவு திறந்தது

1897ஆம் ஆண்டிலே கேம்பிரிட்சில் ஜே. ஜே. தொம்சன் என்னும் பேராசிரியர், அணுவினும் சிறிய, எதிரேற்றமுடைய துணிக்கைகள் உள என்று நிறுவினார். அவற்றையே நாம் இலத்திரன்கள் என்கின்றோம். எல்லா மூலகங்களிலிருந்தும் ஒரே வகையான இலத்திரன்களே வெளிவந்தன. நேரேற்றம் பரவிய கோளமொன்றினுள் இலத்திரன்கள் வளையம் வளையமாக அமைந்திருக்கலாம் என்று அவர் 1904இல் ஒரு மாதிரியையும் வகுத்தார். அம்மாதிரி நிலைக்கவில்லை. ஆயினும், மூலகங்களின் குணம் மீண்டும் மீண்டும் வருவதற்கு இலத்திரன்களின் அடுக்கே காரணமாகலாம் என்னும் எண்ணத்துக்கு அது வித்திட்டது.

1909ஆம் ஆண்டில் மன்செஸ்ரர் நகரிலே, பேராசிரியர் றதபோட் அவர்களின் ஆய்வுகூடத்தில், கைகர் என்பவரும் மாஸ்டன் என்ற இருபது வயது மாணவரும் மெல்லிய பொற்றகட்டின் மேல் அல்பாத் துணிக்கைகளைச் செலுத்தினர். பெரும்பாலானவை தடையின்றி ஊடுருவிச் சென்றன. மிகச் சில மாத்திரம் வந்த வழியே திரும்பின. அவற்றைத் திருப்பியது யாது? 1911இல் றதபோட் விடை கூறினார். அணுவின் நேரேற்றமும் ஏறக்குறைய முழுநிறையும் நடுவிலே மிகச் சிறிய இடத்தில் திரண்டிருக்கின்றன என்றார். அதுவே அணுவின் கரு. பொன்னணு ஒன்றை நூறு மீற்றர் அகலமுள்ள மைதானமாக விரித்து எண்ணினால், அதன் கரு நடுவிலே கிடக்கும் ஒரு கடலைக்கு மேற்படாது. எஞ்சிய வெளியெல்லாம் இலத்திரன்களுக்கு உரியது.

ஆயின் அங்கேயும் ஓர் இடர் எழுந்தது. கருவைச் சுற்றும் இலத்திரன் தன் சக்தியை ஒளியாக இடைவிடாது இழந்து நொடிப்பொழுதிற் கருவிலே விழ வேண்டும் என்பது அன்றைய பௌதிகவியலின் முடிபு. அவ்வாறாயின் உலகில் எப்பொருளும் நிலைத்திருத்தல் இயலாது.

இவ்விடரைத் தீர்த்தவர் நீல்ஸ் போர். பெயர் போர் ஆயினும் குணத்தாற் சாந்தமானவர். 1885ஆம் ஆண்டு கோப்பன்கேகனிற் பிறந்த இவர், 1912ஆம் ஆண்டு மன்செஸ்ரரில் றதபோட்டிடம் பயின்றார். 1913இல் மூன்று கட்டுரைகளை வெளியிட்டார். இலத்திரன்கள் விரும்பிய இடமெல்லாம் சுற்றுவதில்லை. குறித்த சில சக்திநிலைகளிலேயே அவை இருத்தல் கூடும். மேல்நிலையிலிருந்து கீழ்நிலைக்குத் தாவும்போதே ஒளி பிறக்கும். இதுவே அவர் கொள்கை. 1885இல் சுவிற்சலாந்துப் பாடசாலை ஆசிரியர் பாமர் கண்ட ஐதரசன் நிறமாலைச் சூத்திரம் இக்கொள்கையிலிருந்து தானாகவே பெறப்பட்டது. அறிஞர் பலர் வியந்தனர். சிலர் நம்ப மறுத்தனர்.

மோஸ்லி எண்ணிய எண்

இக்கட்டத்திலேதான் ஹென்றி மோஸ்லி என்னும் இளைஞர் வருகின்றார். 1887ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி இங்கிலாந்திற் பிறந்தவர். தந்தையார் உலகைச் சுற்றிய சலஞ்சர் கப்பற் பயணத்திற் பங்குகொண்ட உயிரியல் அறிஞர்; மகனுக்கு நான்கு வயது நிரம்புமுன்னரே காலமானார். ஒக்ஸ்போட்டிற் கற்ற மோஸ்லி 1910இல் றதபோட்டின் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். நள்ளிரவு கடந்தும் ஆய்வுகூடத்தை விட்டு அகலாதவர் என்று அவரோடு பழகியோர் கூறுவர்.

மூலகமொன்றின் மேல் இலத்திரன்களை வேகமாக மோதச் செய்தால் அம்மூலகத்துக்கே உரிய எக்ஸ்-கதிர்கள் வெளிவரும். மோதிய வேகத்தில் அணுவின் உள்ளோட்டிலுள்ள இலத்திரன் ஒன்று வெளியேற, அடுத்த ஓட்டிலிருந்து இன்னொன்று அவ்விடத்துக்கு இறங்கும். அவ்விறக்கத்திற் பிறப்பதே இக்கதிர். இதன் மீடிறனை அளக்க வேண்டுமென்று மோஸ்லி துணிந்தார். ஆராய வேண்டிய உலோகங்களை ஒரு சிறு வண்டியில் வரிசையாக வைத்து, வளியகற்றிய குழாயினுள் தண்டவாளத்தில் ஓடச் செய்து, பட்டு நூலால் இழுத்து ஒவ்வொன்றாகக் கதிரின் முன் நிறுத்தினார். வெளிவந்த கதிரைப் பளிங்கொன்றினாற் பிரித்து ஒளிப்படத் தகட்டிற் பதித்தார்.

1913ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளிவந்த முதற் கட்டுரையில், கல்சியம் முதல் நாகம் வரை பத்து மூலகங்களின் கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டினார். அவை படிக்கட்டுப் போல ஒழுங்காக இறங்கின. இசுக்காண்டியம் கிடையாமையால் அவ்விடத்தில் மாத்திரம் ஒரு படி விடுபட்டிருந்தது. அவ்விடைவெளியும் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. மீடிறனின் வர்க்கமூலம் மூலகத்துக்கு மூலகம் சம அளவினால் ஏறிற்று. அவ்வாறு ஒவ்வொன்றாக ஏறுவது நிறையன்று, கருவின் ஏற்றம். ஒல்லாந்து நாட்டில் வழக்கறிஞராகிய வான் டென் புறூக் என்பவர் ஊகமாகச் சொல்லியிருந்ததை மோஸ்லி அளவையால் நிறுவினார்.

அன்றுதொட்டு ஒவ்வொரு மூலகத்துக்கும் ஓர் எண் உண்டாயிற்று. அதுவே அணுவெண். கோபாற்று 27, நிக்கல் 28. நிறை எவ்வாறிருப்பினும் கோபாற்றே முந்தியது என்பது ஐயமின்றித் தெளிந்தது. மெண்டலீவ் குணத்தை நோக்கி ஊகித்த வரிசை, மோஸ்லியின் கையில் எண்ணாகிய வரிசையாயிற்று. நிறை ஏன் முரணுகின்றது என்பதற்கும் பின்னர் விடை கிடைத்தது. ஒரே மூலகத்துக்கு நிறை வேறுபட்ட சமதானிகள் பல உண்டு. அவற்றின் கலப்பு விகிதத்தைப் பொறுத்தே சராசரி நிறை அமைகின்றது.

1914ஆம் ஆண்டிற் பொன் வரைக்கும் ஆராய்ச்சி நீண்டது. இனி எத்தனை மூலகங்கள் எஞ்சியுள என்று மயங்க வேண்டியதில்லை. இடங்களை எண்ணினாற் போதும். பொன்னுக்கு முன் வெறுமையாக நின்ற இடங்கள் 43, 61, 72, 75 என்னும் நான்கே என்பது அவ்வாண்டில் தெளிவாயிற்று.

பரிசிலிருந்து ஊர்பேன் என்னும் பெரியார் அவ்வாண்டு மோஸ்லியிடம் வந்தார். அருமண் மூலகங்களைப் பிரிப்பதில் வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். 1907இல் உலூற்றேசியத்தைப் பிரித்தெடுத்தவர். ஆயிரக்கணக்கான முறை கரைத்தும் பளிங்காக்கியும் செய்யும் பணி அது. 1911இல் தாம் புதிதாகக் கண்ட ஒரு மூலகத்துக்குச் செல்தியம் என்று பெயரிட்டு, அது 72ஆம் இடத்துக்குரியது என்று நம்பினார். தம் மாதிரிகளை மோஸ்லியிடம் கொடுத்தார். பல்லாண்டு உழைத்துப் பெற்ற முடிவுகளை மோஸ்லி சில நாட்களிற் கதிரைக்கொண்டு சரிபார்த்துச் சொல்லக் கண்டு அம்மூதறிஞர் வியந்தார். ஆயின் 72க்குரிய கோடு மாத்திரம் அம்மாதிரியிற் காணப்படவில்லை.

கலிப்பொலி

1914ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே யுத்தம் மூண்டபோது மோஸ்லி அவுஸ்திரேலியாவில் நடைபெற்ற பிரித்தானிய விஞ்ஞானச் சங்கக் கூட்டத்துக்காகச் சென்றிருந்தார். உடனே நாடு திரும்பிப் படையிற் சேர்ந்தார். றதபோட் முதலியோர் அவரைப் போன்றவர் ஆராய்ச்சியிலேயே நாட்டுக்கு அதிகம் பயன்படுவர் என்று கருதினர். மோஸ்லியோ அதற்கு இணங்கவில்லை. செய்தித் தொடர்பு அதிகாரியாகத் துருக்கியின் கலிப்பொலிக் களத்துக்கு அனுப்பப்பட்டார். 1915ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் திகதி, தொலைபேசியிற் கட்டளை ஒன்றை அனுப்பிக்கொண்டிருந்த வேளையிலே, தலையிற் குண்டு பாய்ந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

தாம் இறப்பின் தமது ஆராய்ச்சிக் கருவிகளும் பொருளும் இலண்டன் றோயல் சங்கத்துக்கு ஆராய்ச்சிக்கெனச் சேர வேண்டுமென்று மரணசாதனம் எழுதி வைத்திருந்தார். அவர் எக்ஸ்-கதிர் நிறமாலையில் உழைத்த காலம் ஏறக்குறைய ஓராண்டே. அவர் தொடங்கிய துறையை வளர்த்த சுவீடன் நாட்டு அறிஞர் சீக்பான் 1924ஆம் ஆண்டுக்குரிய நோபெற் பரிசினைப் பெற்றார். அப்பரிசு இறந்தோர்க்கு வழங்கப்படுவதில்லை.

அக்களத்திலே இருபக்கத்தும் மாண்டோர் பல்லாயிரவர். அவர்களுள் எத்தனை பேர் எத்தனை திறமைகளை மண்ணோடு மண்ணாக்கிச் சென்றனர் என்பதை எவர் கணக்கிட வல்லார்? மோஸ்லியின் பெயர் நமக்குத் தெரியும். அவர் ஓராண்டு முன்பாகத் தம் வேலையை அச்சிட்டுவிட்டார் என்பதே அதற்குக் காரணம்.

உள்வீதியும் வெளிவீதியும்

யுத்தம் ஓய்ந்தபின், அணுவினுள் இலத்திரன்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்னும் வினா முன்வந்தது. 1916இல் அமெரிக்க அறிஞர் லூயிசும் ஜேர்மானிய அறிஞர் கொசெலும், இலத்திரன்கள் கூட்டங் கூட்டமாக நிறைவு பெறும்போது மூலகம் அமைதியடைகின்றது என்னும் கருத்தை வெளியிட்டனர். 1919இல் இலாங்மூர் அதனை விரித்தார். 1921இல் பரி என்னும் இரசாயனர் 2, 8, 18, 32 என்னும் வரிசையை இரசாயன குணங்களைக் கொண்டே வகுத்தார். அதே காலத்தில் நீல்ஸ் போர் தமது கொள்கையிலிருந்தும் நிறமாலைகளிலிருந்தும் மூலகங்கள் அனைத்துக்கும் உரிய அடுக்கை அமைத்துக்கொண்டிருந்தார்.

இவ்வடுக்கை நம்மூர்க் கோயில் ஒன்றைக்கொண்டு விளக்கலாம். நடுவிலே கருவறை, அதனைச் சூழ உள்வீதி, அதற்கப்பால் வெளிவீதி. அணுவின் கருவைச் சுற்றியுள்ள ஓடுகளும் அத்தகையன. முதல் ஓட்டில் இரண்டு இலத்திரன்கள் அமையும். இரண்டாம் ஓட்டில் எட்டு. சோடியத்தின் பதினோராவது இலத்திரனுக்கு உள்ளே இடமில்லை. அது மூன்றாம் ஓட்டில் தனியே நிற்கின்றது. எனவே 2, 8, 1. அவ்வொன்றை எளிதில் இழப்பதாலேயே சோடியம் அத்துணை வேகமாகத் தாக்கம் புரிகின்றது. குளோரீன் 2, 8, 7. ஒன்றைப் பெற விழைகின்றது. ஒன்று கொடுக்க, மற்றது வாங்க, நாம் உண்ணும் உப்பு உண்டாகின்றது. ஆகன் 2, 8, 8, கொடுப்பதுமில்லை, கொள்வதுமில்லை.

பொதுவாக மூலகத்தின் குணத்தை வெளிவீதியில் நிற்போரே தீர்மானிக்கின்றனர். வெளியிலிருந்து நோக்குவோருக்குத் தெரிபவர் அவர்களே. இப்போது ஒரு புதுமையைப் பாருங்கள். 57ஆம் மூலகமாகிய இலந்தனத்தின் அடுக்கு 2, 8, 18, 18, 9, 2. இதற்குப் பின்வரும் மூலகங்களில் புதிதாக வரும் இலத்திரன்கள் பெரும்பாலும் வெளியே நிற்காது, உள்ளே நான்காம் ஓட்டினுட் புகுகின்றன. அவ்வோடு 18இலிருந்து 32 வரை, பதினான்கு படியாக நிறைகின்றது. வெளிவீதியோ ஏறக்குறைய மாறாதிருக்கின்றது. உள்வீதியிற் கூட்டம் பெருகுவது புறத்தே நிற்பவனுக்குத் தெரியாதன்றோ? அருமண் மூலகங்கள் அனைத்தும் ஒரே முகமாகத் தோன்றியதன் இரகசியம் இதுவே.

57உடன் 14ஐக் கூட்டினால் 71. ஆகவே 71ஆம் மூலகமாகிய உலூற்றேசியத்தோடு அருமண் கூட்டம் முடிவுற வேண்டும். அதன் அடுக்கு 2, 8, 18, 32, 9, 2. அடுத்த இலத்திரன் உள்ளே செல்ல இடமில்லை. 72ஆம் மூலகத்தின் அடுக்கு 2, 8, 18, 32, 10, 2 என்றாதல் வேண்டும். சேர்க்கோனியத்தின் அடுக்கோ 2, 8, 18, 10, 2. இரண்டின் வெளிப்புறமும் ஒன்றே. எனவே 72ஆம் மூலகம் அருமண் அன்று, சேர்க்கோனியத்தின் உடன்பிறப்பு. இது போர் பெற்ற முடிபு. இரசாயனர் சிலர் இதனை முன்னரே ஐயுற்றிருந்தனர். பரியின் அடுக்கும் இதையே காட்டிற்று. ஆயின் கொள்கையாற் பெற்ற விடையை மெய்ப்பொருளாற் சோதிக்கும் வேளை வந்தது.

வழக்கும் தீர்ப்பும்

1922ஆம் ஆண்டு மே மாதத்திலே பரிசிலிருந்து ஒரு செய்தி வந்தது. டோவில்லியே என்னும் ஆராய்ச்சியாளர் ஊர்பேனின் பழைய மாதிரியை மீண்டும் எக்ஸ்-கதிராற் சோதித்து, 72க்குரிய மங்கலான இரு கோடுகளைக் கண்டதாக அறிவித்தார். செல்தியம் மெய்யே என்றால் 72ஆம் மூலகம் அருமண் கூட்டத்தைச் சேர்ந்தது. போர் அமைத்த அடுக்குத் தவறானது. றதபோட்டும் அச்செய்தியை வரவேற்று எழுதினார். போர் தாமும் சிறிது காலம் மனந்தளர்ந்தார்.

ஆயினும் அவர் வாதம் புரிவதோடு நிற்கவில்லை. பொருளைத் தேடச் செய்தார். அவரது நிலையத்திலே ஒல்லாந்தரான கொஸ்ரரும் அங்கேரியரான ஹெவெசியும் பணியாற்றினர். கொஸ்ரர், சீக்பானின் ஆய்வுகூடத்தில் எக்ஸ்-கதிர் அளவையைப் பயின்றவர். கொள்கை சரியாயின் 72ஆம் மூலகத்தை அருமண்ணில் தேடுதல் வீண். சேர்க்கோனியம் இருக்குமிடத்தில் தேட வேண்டும் என்று அவர்கள் துணிந்தனர். நோர்வேயிற் கிடைத்த சேர்க்கன் கல்லை எடுத்துச் சோதித்தனர். மோஸ்லியின் விதி குறித்த அதே இடங்களில் கோடுகள் தெளிவாகத் தோன்றின. மங்கலாக அல்ல, எவரும் மறுக்கவியலாத அளவுக்குத் தெளிவாக.

அவ்வாண்டின் பௌதிகவியல் நோபெற் பரிசு நீல்ஸ் போருக்கு வழங்கப்பட்டிருந்தது. 1922ஆம் ஆண்டு டிசெம்பர் 11ஆம் திகதி அவர் ஸ்ரொக்கோம் நகரில் தமது பரிசுரையை நிகழ்த்த வேண்டும். அதற்குச் சற்று முன்னரே கோப்பன்கேகனிலிருந்து செய்தி எட்டிற்று. உரையின் முடிவில் அவர் அக்கண்டுபிடிப்பைச் சபையோருக்கு அறிவித்தார். 1923ஆம் ஆண்டு ஜனவரியில் அது அச்சில் வெளிவந்தது. கோப்பன்கேகனின் இலத்தீன் பெயர் ஹாப்னியா. அதனால் அம்மூலகம் ஹாப்னியம் எனப்பட்டது.

வழக்கு உடனே அடங்கிவிடவில்லை. யுத்தத்தின் கசப்பு ஆறாத காலம் அது. விஞ்ஞானிகளின் வாதத்திலும் நாட்டுப்பற்றின் வாடை வீசிற்று. பிரெஞ்சு அறிஞர் சிலர் பல ஆண்டுகள் செல்தியம் என்ற பெயரையே வழங்கினர். ஈற்றில், ஊர்பேன் செல்தியம் எனக் கருதியது தூய உலூற்றேசியமே என்பது புலனாயிற்று. அதனால் ஊர்பேனின் பெருமை குறைந்துவிடாது. அவர் பிரித்தெடுத்த உலூற்றேசியமே அருமண் கூட்டத்தின் கடைசி மூலகம் என்று நிறுவப்பட்டது; அக்கூட்டத்தின் எல்லைக்கல்லை நாட்டியவர் அவரே. ஆனால் அவர் தேடிய பொருள் அவர் தேடிய இடத்தில் இருக்கவில்லை.

இதனிடையே உலகின் பொருட்காட்சிச்சாலைகளிலிருந்த சேர்க்கன் கற்களெல்லாம் மறுபடி சோதிக்கப்பட்டன. எங்கும் சேர்க்கோனியத்தோடு ஹாப்னியமும் சிறிதளவு இருக்கக் காணப்பட்டது. 1789இற் கிளாப்பிறொத் கையில் எடுத்த இலங்கைக் கல்லிலும் அது இருந்தேயிருக்கும்.

இறுதி விதி

இலத்திரன்கள் ஏன் 2, 8, 18, 32 என்று அடுங்குகின்றன? எல்லா இலத்திரன்களும் மிகக் கீழான முதல் ஓட்டிலேயே ஏன் சென்று குவிவதில்லை? போர் அடுக்கைக் காட்டினாரேயன்றி, அதற்கு உரிய காரணத்தை முற்றாக நிறுவினாரல்லர். 1924ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ச் ஆராய்ச்சி மாணவரான ஸ்ரோனர், ஒவ்வோர் ஓட்டினுள்ளும் உள்ள உட்பிரிவுகளைத் திருத்தி அமைத்தார். அதனை நோக்கிய பௌலி என்னும் இளைஞர், 1925ஆம் ஆண்டு, தமது இருபத்தைந்தாம் வயது நிறையுமுன், ஒரே ஒரு விதியைக் கூறினார். அணுவொன்றினுள் இலத்திரனின் நிலையைக் குறிக்க நான்கு எண்கள் வேண்டும். எந்த இரண்டு இலத்திரன்களுக்கும் அந்நான்கும் ஒன்றாய் இருத்தல் ஆகாது என்றார். இதனைத் தவிர்ப்புத் தத்துவம் என்பர்.

இவ்விதியைக்கொண்டு எண்ணினால் முதல் ஓட்டில் 2, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 18, நான்காவதில் 32 என்று தானாகவே வரும். நான்காவது எண் இலத்திரனின் கறங்கலைக் குறிப்பது என்று அதே ஆண்டில் ஊலென்பெக், கௌட்சுமிற் என்னும் இரு ஒல்லாந்து இளைஞர் விளக்கினர். 1926இல் சுரோடிங்கரின் அலைச் சமன்பாடு வந்தபின், இலத்திரன் கிரகம் போல் வட்டமிடுகின்றது என்னும் பழைய படம் கைவிடப்பட்டது. இன்று ஓடு என்று நாம் கூறுவது வீதியோ பாதையோ அன்று. சக்திநிலைகளின் ஒரு தொகுதி. ஆயினும் எண்கள் மாறவில்லை. படம் மாறியும் 2, 8, 1 நிலைத்தது.

வெறுமையாயிருந்த மற்ற இடங்களும் நிரம்பின. 75ஆம் இடத்துக்குரிய இரேனியம் 1925இலும், 43க்குரிய தெக்னீசியம் 1937இலும், 61க்குரிய புரோமீதியம் 1945இலும் கிடைத்தன. 2016ஆம் ஆண்டில் 118ஆம் மூலகம் வரை பெயரிடப்பட்டு அட்டவணையின் ஏழாம் வரிசையும் நிறைவெய்திற்று. மோஸ்லி குறித்த இடங்களில் ஒன்றேனும் பொய்க்கவில்லை.

ஹாப்னியமும் வீணே கிடக்கவில்லை. அணுவுலைகளில் எரிபொருளை மூடும் உறைக்குச் சேர்க்கோனியம் ஏற்றது; நியூத்திரன்களை அது எளிதில் விடுத்துவிடும். ஹாப்னியமோ அவற்றை ஆவலோடு விழுங்கும்; ஆதலால் தாக்கத்தை அடக்கும் கோல்களுக்கு அது ஏற்றது. இலத்திரன் அடுக்கில் உடன்பிறப்புகளான இவ்விரண்டும் கருவின் குணத்தில் நேர்மாறானவை. எனவே உலைக்குச் செல்லுமுன் இரண்டையும் கவனமாகப் பிரித்தேயாக வேண்டும். 2007ஆம் ஆண்டு தொடக்கம் கணினிகளின் நுண்சில்லுகளிலும் ஹாப்னியச் சேர்வைகள் பயன்பட்டு வருகின்றன.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றில் வருவோரின் வயதை எண்ணிப் பாருங்கள். மாஸ்டனுக்கு இருபது, பௌலிக்கு இருபத்துநான்கு, மோஸ்லிக்கு இருபத்தாறு, போருக்கு இருபத்தேழு. இளமை எதனையுஞ் செய்ய வல்லது என்று மேடையில் முழங்குவது எளிது. இவர்கள் முழங்கவில்லை, எண்ணினார்கள், அளந்தார்கள், அளந்ததை மறைக்காது எழுதினார்கள். அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட றதபோட் போன்ற மூத்தோரும் இருந்தனர் என்பதை முதியோராகிய நாம் மறத்தலாகாது. இருபது வயது மாணவனின் கையில் முதன்மையான பரிசோதனையை ஒப்படைக்கும் துணிவு அவர்களிடம் இருந்தது.

இன்னுமொன்று. 72ஆம் மூலகத்தின் வழக்கைத் தீர்த்தது நாட்டின் பெருமையன்று, வயதின் மதிப்பன்று, நாவன்மையுமன்று. கல்லொன்றிலிருந்து எழுந்த கதிர், ஒளிப்படத் தகட்டில் வரைந்த கோடுகளே தீர்ப்புக் கூறின. அக்கோடுகளை எங்கே தேட வேண்டும் என்று அளந்து வைத்தவன் அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்னரே கலிப்பொலியில் விழுந்துவிட்டான். 72 அகப்பட்டதை அவன் அறிந்திலன். ஆயினும் இன்று எந்த நாட்டு வகுப்பறையிலும் எந்தப் பிள்ளை எந்த மூலகத்துக்கு எண் எழுதினாலும், அது அவன் எண்ணிய எண்ணே.